உழைப்பும் ஓய்வும்



உழைப்பின் பெருமையைப் பேசாத சமயம் இல்லை, சான்றோரும் இல்லை. ஓய்வைப் பற்றிப் பேசப் புகுந்தாலோ நமக்கு ஒருவகைக் கூச்சம் உண்டாகிறது. ஓய்ந்திருப்பவன் சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடுவானோ என அஞ்சுகிறோம். ஆனால் வேதாகமம் இவ்விரண்டையும் ஒரே கட்டளைக்குள் வைத்திருக்கிறது. ஆறு நாள் உழைக்கவேண்டும் என்பதும், ஏழாம் நாள் ஓய்ந்திருக்கவேண்டும் என்பதும் யாத்திராகமத்தில் ஒருங்கே கூறப்படுகின்றன. ஒன்றைக் கைக்கொண்டு மற்றொன்றைக் கைவிடுபவர் கட்டளையின் பாதியையே அறிந்தவராவர்.

இக்கட்டளையின் பொருளைக் காண நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர், நம் மன்னார்க் கடலில் முத்துக் குளித்த ஏழைத் தொழிலாளரிடமே அதைக் கற்றுக்கொள்ளலாம்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை என்னும் ஊர்கள் உள்ளன. அவற்றுக்கு எதிரேயுள்ள கடலிற்றான் பேர்பெற்ற முத்துப் பார்கள் இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்த இராணுவ அதிகாரி இராபர்ட் பெர்சிவல், 1803ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அச்சலாபத்தை விரிவாக வருணித்துள்ளார். இரவு பத்து மணியளவில் பீரங்கி முழங்கும். தோணிகள் கரைக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டு, விடியுமுன் பாரை அடையும். ஏறுவெயிலில் தொடங்கும் குளிப்பு நண்பகல்வரை நடக்கும். பின்னர் கடற்காற்று எழ, தோணிகள் கரை திரும்பும். காலிலே கல்லைப் பற்றிக்கொண்டு கீழிறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளுவர். ஒருவர் ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை மூழ்குவதும் உண்டு. மேலே வந்ததும் வாயிலும் மூக்கிலும் செவியிலும் நீர் வடியும். சிலவேளை குருதியும் வடியும்.

இத்தகைய கொடுந்தொழிலின் நடுவிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. தோணி ஒன்றுக்குக் குளிப்பவர் பதின்மர். அவர்களுள் ஐவர் கடலில் இறங்கும்போது மற்றை ஐவர் தோணியிலிருந்து இளைப்பாறுவர்; பின்னர் முறை மாறும். இளைப்பாறிய ஐவரைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் வாங்கிய மூச்சே அடுத்த முழுக்குக்கு முதலாயிற்று.

நாளுக்குள் இருந்த இம்முறையைப் போலவே வாரத்துக்குள்ளும் ஒரு முறை இருந்தது. குளிப்பவருட் பலர் எதிர்க் கரையாகிய தூத்துக்குடிப் பகுதியிலிருந்து வந்த கத்தோலிக்கர். புனித சவேரியார் 1542 முதல் போதித்த கடற்கரை அது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமையன்று தொழிலை நிறுத்திவிட்டு, அரிப்பிலிருந்த சிற்றாலயத்துக்குச் சென்று செபிப்பர் என்று பெர்சிவல் எழுதுகிறார். இதனாற் குத்தகைகாரருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டதில் வியப்பில்லை. சலாபத்துக்குக் குறித்த காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். புயலாலும் பல சமயத்தாரின் திருநாள்களாலும் கழிந்தவை போக, வேலைக்குக் கிடைப்பன முப்பது நாளளவே. அரசாங்கத்துக்குப் பெரும்பணம் கட்டியவர், இழந்த நாள்களை ஈடுசெய்யக் கத்தோலிக்கரை ஞாயிற்றுக்கிழமையிலும் கடலில் இறக்க விரும்புவார். ஆயினும், சலாபத்தின் தலைமை அதிகாரி உத்தரவிட்டாலன்றி அவரால் அவ்வாறு செய்ய இயலாது. இதுவும் பெர்சிவல் தரும் செய்தியே.

நேயர்களே, இந்தச் சிறு செய்தியிற் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. குத்தகைகாரரின் கணக்கு பொய்க் கணக்கன்று; அவருக்கும் நட்டம் உண்டு. குளிப்பவருக்கும் இழப்பு உண்டு. தொழிலுக்குப் போகாத நாளுக்குக் கூலி ஏது? எனினும், கடலையும் பாரையும் பருவத்தையும் குத்தகைக்கு எடுத்தவர் மனிதனின் ஏழாம் நாளையும் சேர்த்து எடுத்துவிடவில்லை. அது விற்பனைக்கு வராத பொருள். அதிகாரியின் உத்தரவுக்கு இடமிருந்தமையால் அவ்வுரிமை முழுக் காப்பில்லாததாகவே இருந்தது. அப்படியிருந்தும் அதனை விட்டுக்கொடுக்காமல் ஆலயத்தை நோக்கி நடந்தார்களே, அதிலேதான் அவர்களுடைய பெருமை இருக்கிறது.

ஓய்வுநாளுக்கு உபாகமம் கூறும் காரணமும் இதுவே. நீங்கள் எகிப்திலே அடிமைகளாய் இருந்ததை மறவாதீர்கள் என்று அது இஸ்ரவேலருக்கு நினைவூட்டுகிறது. அடிமைக்கு ஓய்வுநாள் இல்லை. அவனுடைய நாள்களெல்லாம் ஆண்டைக்கு உரியவை. ஆகவே வாரத்தில் ஒருநாள் வேலையை நிறுத்தும் மனிதன், தான் விடுதலை பெற்றவன் என்பதை அறிக்கையிடுகிறான். அக்கட்டளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் ஓய்வு தரவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் ஆகிய அனைவரையும் அது பெயர்சொல்லிச் சேர்க்கிறது. சம்மாட்டி கோயிலில் இருக்க, அவருடைய கூலியாள் வாடியிலே கருவாடு புரட்டிக்கொண்டிருப்பாராயின் ஓய்வுநாள் அனுசரிக்கப்படவில்லை. ஆண்கள் மரநிழலில் அமர்ந்து பேசியிருக்க, வீட்டுப் பெண்களுக்கு அடுப்படியே ஞாயிறாகிவிடினும் அவ்வாறே.

இயேசுநாதரின் வாழ்க்கையில் இந்த அளவை நன்கு காணலாம். கடுமையாக உழைத்தவர் அவர். கொந்தளிக்கும் கடலில், படகின் பின்னணியத்திலே தலையணை வைத்துத் துயின்றவரும் அவரே. சாப்பிடவும் நேரமின்றி அப்போஸ்தலர்கள் களைத்திருந்தபோது, தனியிடம் சென்று சற்றே இளைப்பாற அவர்களை அழைத்துப் படகேறினார். ஆனால் மக்கள் அவர்களுக்கு முன்னரே அக்கரை சேர்ந்துவிட்டார்கள். அவர்கள்மீது இரக்கங்கொண்டு அவர் மீண்டும் போதிக்கலானார். இரக்கம் அழைத்தபோது அவருடைய ஓய்வு வழிவிட்டது. ஆதாயம் அழைத்து அது வழிவிட்டதாக நற்செய்தியில் எங்கும் இல்லை.

திருச்சபையும் இந்த வேறுபாட்டை அறிந்தே நடந்தது. 12ஆம் நூற்றாண்டிலே பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர், வடநாட்டுக் கடலோர மக்கள் ஹெரிங் என்னும் மீன் திரள் கரையோரம் வரும் பருவத்தில் ஞாயிறன்றும் மீன்பிடிக்க இசைவளித்தார். பிடித்ததில் ஒரு பங்கை ஆலயங்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கவேண்டும் என்பது அவர் விதித்த முறை. ஏழையின் தேவைக்காகத் திறந்த அக்கதவு, செல்வரின் பேராசைக்காகத் திறந்ததன்று.

ஓய்வென்பது வேலையின்மையும் அன்று. போர் நடந்த ஆண்டுகளிலே கடற்றடையால் மன்னார் மீனவர் தொழிலுக்குப் போகமுடியாமற் கரையில் இருந்தார்கள். அதனை ஓய்வென்று யார் சொல்வார்? உழைக்கும் உரிமை இல்லாதவனுக்கு ஓய்வும் இல்லை. அவ்வாறே, கிடைத்த ஒருநாளைக் குடியிலே கழித்து, திங்களன்று வெறுங்கையும் நோயுடலுமாய் எழுபவரும் ஓய்ந்தவராகார். கூடாரத் தொழில் செய்து தம் கையால் உண்ட பவுலடிகள், உழைக்க மனமில்லாதவரைக் கண்டித்ததையும் நாம் மறத்தலாகாது.

மனிதனைப் போலவே இயற்கையும் இளைப்பாற்றியை வேண்டி நிற்கிறது. ஏழாம் ஆண்டிலே நிலத்தைத் தரிசாக விடும்படி லேவியராகமம் விதிக்கிறது. நம் முத்துப் பார்களில் 1905ஆம் ஆண்டில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறுவருடம் ஓர் ஆங்கிலக் கம்பெனி பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பெனியும் கலைந்தது. சிப்பி அழிவதற்கு நீரோட்டம், மணல், திருக்கை மீன் முதலிய இயற்கைக் காரணங்களும் உண்டு. ஆயினும், கடலின் கொடைக்கு எல்லை இல்லை என்று எண்ணுவது தவறு என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. இன்று எதிர்க் கரையிலே, தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கிறார்கள். மீனினம் பெருகுவதற்காகக் கடலுக்கு அளிக்கும் ஓய்வு அது.

இன்றைய குத்தகைகாரர் பல உருவங்களில் வருகிறார். இயந்திரத்துக்கும் வலைக்கும் வாங்கிய கடன், ஏறிய எரிபொருள் விலை, தவணைக்காரரின் கெடு ஆகியன ஏழாம் நாளையும் கேட்கின்றன. பரீட்சையின் பெயரால், ஞாயிறு காலையிலும் தனியார் வகுப்புக்கு ஓடும் சிறுவரின் நாளும் பறிபோகிறது. தனியொரு மீனவர் மட்டும் படகைக் கரையேற்றி வைத்தால் அயலவர் அள்ளிச் செல்வாரே என்ற ஏக்கம் அவரை வருத்தும். ஆகையால் ஓய்வை ஊர் கூடிக் காக்கவேண்டும். கடன் கொடுத்தவர் அன்றொருநாள் கெடு வைக்காதிருக்கட்டும். சங்கங்கள் அதற்கு வழிசெய்யட்டும். வீட்டு வேலையை ஆண்மக்களும் பகிர்ந்துகொள்ளட்டும்.

ஆறு நாளும் நேர்மையாக உழைப்போம். ஏழாம் நாளிலே, நம்மைக் காப்பது நம் கைகள் மட்டுமன்று என்பதை உணர்ந்து, அக்கைகளைச் சற்றே குவித்து இளைப்பாறுவோம். அந்த ஆறுதல் நம்மிடம் வேலைசெய்பவருக்கும் கிட்டுமாறு பார்த்துக்கொள்வோமாக.