தொட்டில் பருவமும் படப் புத்தகமும்

(குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாட்டு வளர்ச்சியைப் பற்றிச் சிந்திக்கக் கூடியுள்ள இந்த அரங்கில், கைக்குழந்தைகளின் அன்றாட வாழ்வைக் காட்டும் படப் புத்தகங்களைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். பொருள் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஆரம்பப் பள்ளியில் குழந்தைகள் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று நாம் ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம். அந்தத் திணறலுக்கான காரணங்களில் ஒன்றேனும், பள்ளிக்குச் செல்வதற்கு நெடுங்காலம் முன்பே, புத்தகம் இல்லாத வீட்டில் தோன்றிவிடுகிறது. எனவே இப்பொருள் நம் பணிக்குப் புறம்பானதன்று.

இத்துறையில் நாம் அடியெடுத்து வைத்து வெகுகாலமாகிறது. குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை 1974-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1975 அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் நாடெங்கும் இயங்குகின்றன. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45-ஆவது பிரிவை மாற்றி அமைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கென 2023-இல் ‘ஜாதுயி பிடாரா’ என்னும் கற்றல் பெட்டி வெளியிடப்பட்டது. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கென ‘நவசேதனா’ என்னும் வழிகாட்டி நெறி 2024-இல் வந்தது. மூன்று வயதுக்கு முற்பட்ட காலமும் கற்கும் காலமே என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு இதுவே சான்று. இக்காலத்தில் குழந்தையின் கைக்கு எத்தகைய புத்தகம் செல்ல வேண்டும் என்பதே இன்று நம் முன் நிற்கும் கேள்வி.

குழந்தை படத்தை அறியும் முறை

படத்தைப் பார்த்தவுடன் அது எதன் படம் என்று அறிவது பிறவியிலேயே முழுமையாக அமைந்த ஆற்றல் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. ஜூடி டிலோச் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் உள்ள பொருளின் படத்தைத் தடவினர். அதனைப் பக்கத்திலிருந்து பிடுங்கி எடுக்க முயன்றனர். அமெரிக்கக் குழந்தைகள் மட்டுமன்றி, படப் புத்தகப் பழக்கமே இல்லாத மேற்கு ஆப்பிரிக்க ஐவரி கோஸ்ட் நாட்டுக் கிராமக் குழந்தைகளும் அவ்வாறே செய்தனர். பத்தொன்பது மாத வயதில் பிடுங்கும் முயற்சி மறைந்து, படத்தைச் சுட்டிக் காட்டும் வழக்கம் மேலோங்கியிருந்தது.

இந்தப் பத்து மாத இடைவெளியில் நிகழ்வது சிறு மாற்றமன்று. தாளில் இருப்பது பொருளன்று, பொருளின் குறி என்பதைக் குழந்தை உணர்ந்துகொள்கிறது. எழுத்தும் ஒரு குறியே. ஆகவே, எழுத்தறிவின் முதற்படி ‘அ’ என்னும் எழுத்தன்று. பக்கத்தில் உள்ள கிண்ணத்தைச் சுட்டி, அடுப்பங்கரையில் உள்ள கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையே ஆகும்.

இதிலிருந்து ஒரு முடிவு தானே பெறப்படும். குறியைக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்குப் பொருளாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பனிமனிதனையும் கணப்படுப்பையும் காட்டும் இறக்குமதிப் புத்தகம், பனியையே காணாத குழந்தைக்குப் பொருள், படம் ஆகிய இரண்டு புதிர்களை ஒரே வேளையில் தருகிறது. குளிப்பாட்டுதல், எண்ணெய் தேய்த்தல், பாலூட்டுதல், தூளியில் ஆட்டுதல், முகத்தை மூடித் திறந்து விளையாடுதல் ஆகியவற்றையோ எந்தக் குழந்தையும் நாள்தோறும் அறியும். பச்சிளங்குழந்தை விரும்பி நோக்குவதும் மனித முகத்தையே. எனவே கைக்குழந்தையின் முதற் புத்தகத்திற்கு உரிய பொருள் கைக்குழந்தையின் நாள்தான்.

நம் மரபில் இதன் வேர்

இது வெளிநாட்டிலிருந்து வந்த கருத்து என்று எவரும் ஒதுக்க வேண்டுவதில்லை. பெரியாழ்வார் கண்ணனின் தாலாட்டையும் நீராட்டத்தையும் காதுகுத்தலையும் பாடினார். வடக்கே சூர்தாசர் அதே பிள்ளையின் குறும்புகளைப் பாடினார். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை செங்கீரை, சப்பாணி, வருகை என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தது. தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்திற்கும், கை கொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்திற்கும் உரியதாகக் கூறுவர். இன்று சுகாதாரப் பணியாளர் கையில் வைத்திருக்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையும் ஏறக்குறைய இதே வளர்ச்சிப் படிகளையே படங்களாகக் காட்டுகிறது. குழந்தையின் அன்றாடத்தை உற்று நோக்கும் கண் நமக்கு இருந்தது. அதனை அச்சிட்ட தாளில் குழந்தைக்கே காட்டும் பழக்கம்தான் பரவவில்லை.

கல்வியாளர்களிடையேயும் இதற்கு முன்னோடிகள் உண்டு. தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் பின்னர்க் கோஸ்பாட்டிலும் பழங்குடிக் குழந்தைகளிடையே பணியாற்றியபோது, விலையுயர்ந்த சாதனங்களை விடுத்து, விதை, இலை, சிப்பி போன்ற அவ்விடத்துப் பொருள்களையே கல்விக் கருவிகளாக்கினர். குழந்தை பள்ளிக்கு வராவிடின் பள்ளி குழந்தையின் முற்றத்திற்குச் செல்ல வேண்டும் என்று கருதினர். ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயரே அம்முயற்சியின் வழிவந்தது. முதற் புத்தகமும் அந்த முற்றத்தின் புத்தகமாக இருக்க வேண்டும்.

இரு வாசகர்கள்

இத்தகைய புத்தகத்திற்கு வாசகர் இருவர். முதல்வர் கைக்குழந்தை. அக்குழந்தைக்குக் கதை வேண்டுவதில்லை. பக்கத்திற்கு ஒரு செயல், தெளிவான உருவம், வெறுமையான பின்னணி, ஒரு சொல் போதும். சொல்லைப் படிக்கத் தெரியாத தாயும் பாட்டியும் படத்தைப் படித்துவிடுவர். ‘பாப்பா என்ன செய்கிறது?’ என்று கேட்டு, குழந்தை பார்க்கும் வரை காத்திருந்து, அதன் ஒலிக்கு மறுமொழி கூறுவதே இங்கு வாசிப்பாகும். இதற்கு எழுத்தறிவு தடையன்று என்பதை நம் பணியாளர்கள் தாய்மார்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், குழந்தை அமர்ந்திருக்கும் வேளையில் பெரியவர் ஒருவர் உடனிருந்து படித்தலும் கதை சொல்லுதலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. புத்தகம் நுழையாத வீட்டிலும் கைப்பேசி நுழைந்துவிட்ட இந்நாளில் இவ்வறிவுரை பொருள் மிக்கது.

இரண்டாம் வாசகர் மூன்று, நான்கு வயது நிறைந்த அங்கன்வாடிக் குழந்தை. வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருக்கும் வேளையில், தாயின் மடி தனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்து கலங்கும் வயது அது. பாப்பாவின் நாளைக் காட்டும் புத்தகம் அக்குழந்தைக்கு வேறொரு வகையில் பயன்படும். ‘அன்று நான் தவழ்ந்தேன், இன்று ஓடுகிறேன்’ என்று சொல்லும்போது, தன் வளர்ச்சியையும் கடந்த காலம் என்னும் கருத்தையும் அது ஒருங்கே பெறுகிறது. ஆனால் மூத்த பெண்குழந்தையைச் சிறு தாயாக்கி இடுப்பில் பிள்ளையைச் சுமத்தும் படங்களைத் தவிர்க்க வேண்டும். தந்தை குளிப்பாட்டட்டும், தாத்தா ஊட்டட்டும். பாப்பா பெண்ணாகவும் இருக்கட்டும்.

படத்தின் பொறுப்பு

குழந்தையின் உருவத்திற்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை நம் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம், அவ்வுணவு அடங்கிய கொள்கலனின் மேற்சீட்டில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தல் கூடாது என்று தடை செய்தது. கொழுகொழு என்ற ஒரு முகம், ஆயிரம் அறிவுரைகளை வென்று தாயைக் கடைக்கு அழைத்துச் செல்லும் என்பதே அதன் கருத்து.

அதே ஆற்றல் நம் புத்தகத்திலும் இருப்பதால், படம் வரைபவருக்குப் பொறுப்பு மிகுதி. பாப்பாவின் கையில் அழகுக்காக வரையப்படும் ஒரு பால்புட்டி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று நம் பணியாளர் வீடுவீடாகச் சொன்னதை அழித்துவிடும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் காட்சி மரபாயினும், ஓராண்டு வரை தேன் ஆகாது என்பது மருத்துவர் கூற்று. கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கலாம். கண்ணுக்குள் மை தீட்டும் காட்சி வேண்டாம். ஆறு மாதம் நிறைந்த பாப்பா கிண்ணத்தில் மசித்த உணவை உண்ணட்டும். ஊட்டுபவர் கை கழுவும் படம் அதற்கு முந்தைய பக்கத்தில் வரட்டும். அறிவுரையாக ஒரு வரியும் எழுதாமலே புத்தகம் தன் பணியைச் செய்துவிடும்.

மொழியும் வட்டாரமும்

இந்தியக் குழந்தையின் நாள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தமிழ்நாட்டுத் தூளியில் உறங்கும் குழந்தையைப் போன்றே, மிசோரம் மாநிலத்தில் ‘புவான்’ துணியால் தாயின் முதுகில் கட்டப்பெற்ற குழந்தையும் நிம்மதியாக உறங்குகிறது. வடக்கிலும் கிழக்கிலும் கடுகெண்ணெய், கேரளத்தில் தேங்காய் எண்ணெய். வங்கத்தில் முதற்சோற்றோடு பாயசம், கருநாடகத்தில் கேழ்வரகுக் கூழ். எனவே சிரிப்பு, அழுகை, குளியல், கைதட்டல் போன்ற பக்கங்கள் நாடு முழுமைக்கும் பொதுவாக அமையலாம். தொட்டில், உணவு, உடை ஆகிய பக்கங்கள் வட்டாரத்திற்கு ஏற்ப மாற வேண்டும்.

மொழியைப் பொறுத்தமட்டில் அச்சுத் தொழில் நமக்குத் துணை நிற்கிறது. நான்கு வண்ண அச்சில் எழுத்தைக் கறுப்பு நிறத்தில் மட்டும் அமைத்துக்கொண்டால், ஏனைய மூன்று தகடுகளையும் அப்படியே வைத்துக் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றி, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும், அட்டவணையில் இடம்பெறாத பழங்குடி மொழிகளிலும் அதே புத்தகத்தை அச்சிட முடியும். சிறு எண்ணிக்கையினர் பேசும் மொழிக்கும் இதனால் செலவு குறையும். எழுத்தே இல்லாத படப் புத்தகத்திற்கு இந்த மாற்றமும் வேண்டுவதில்லை.

நூல்களுக்கு முழுப் பஞ்சம் என்றும் கூற முடியாது. நேஷனல் புக் டிரஸ்ட்டும், கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டும் 1957-ஆம் ஆண்டில் தோன்றின. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் உள்ள கதைகளைத் திறந்த உரிமத்தின்கீழ் எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். மாவட்ட நிருவாகங்கள் இவ்வாய்ப்பை அறிந்துகொள்வது நலம்.

வழங்கும் முறை

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992-இல் ‘புக்ஸ்டார்ட்’ என்னும் முயற்சி 300 குழந்தைகளோடு தொடங்கப்பெற்றது. நூலகத் துறையும் சுகாதாரத் துறையும் கைகோத்தன. குழந்தையின் உடல்நலச் சோதனையின்போதே புத்தகமும் அளிக்கப்பட்டது. நம்மிடம் அதனினும் விரிந்த அமைப்பு உள்ளது. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்காகத் தாயின் தோளில் வருகிறது. படத்தைப் பிடுங்கி எடுக்க முயலும் வயதும் அதுவே. ஊசி போட்ட அன்றே ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, அதனை எவ்வாறு காட்டுவது என்று இரண்டு நிமிடம் செய்துகாட்ட நம் பணியாளரால் இயலும்.

இதற்கான புத்தகம் எட்டு விரிபக்கங்களுக்கு மேற்பட வேண்டா. குழந்தை அதனை வாயில் வைக்கும் என்பதால் மை நச்சற்றதாகவும், முனைகள் வளைவாகவும், கம்பிக்கு மாறாக நூல் தையலாகவும் இருத்தல் வேண்டும். தடித்த அட்டைப் புத்தகத்திற்குச் செலவு மிகும் இடங்களில், மகளிர் சுய உதவிக் குழுக்கள் தைக்கும் துணிப் புத்தகத்தை முயன்று பார்க்கலாம்.

இறுதியாக, அலுவலர்களாகிய உங்கள் கையில் மட்டுமே உள்ள ஒன்றைக் கூறி அமைகிறேன். புத்தகம் வாங்கப்பட்டும் குழந்தையைச் சென்று சேராமல் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் நிலை பல இடங்களில் உண்டு. அதற்குப் பணியாளரின் அக்கறையின்மை காரணமன்று. கிழிந்தால் தணிக்கையில் விடை கூற வேண்டுமே என்ற அச்சமே காரணம். கைக்குழந்தையின் புத்தகம் கிழியத்தான் செய்யும். ஆகவே இருப்புப் பதிவேட்டில் அதனை நிலையான உடைமையாகக் கருதாது, சோப்பையும் சுண்ணக்கட்டியையும் போலத் தேய்ந்து தீரும் பொருளாகப் பதிந்துகொள்ள வழி செய்யுங்கள். ஆண்டு முடிவில் எந்த மையத்தில் ஒரு புத்தகமும் கிழியவில்லையோ, அந்த மையத்தைத்தான் நீங்கள் முதலில் சென்று பார்வையிட வேண்டும்.