ஆறு ஏறுவதை யார் சொல்வது?

நான் கேமரன் மலை கியா பார்மிலிருந்து வந்திருக்கிறேன். அறிவியல் சாமானியனுக்கு உதவுமா என்று கேட்கிறார்கள். உதவும், உதவியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

2013 அக்டோபர் 23. விடியாத நேரம். பெருமழையில் ரிங்லெட்டின் சுல்தான் அபு பாக்கார் அணை நிரம்பி, தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்தாம் வேலியில் சேறும் நீரும் வீடுகளுக்குள் புகுந்தன. தூக்கத்திலிருந்தவர்கள் ஓடினார்கள். உயிர்கள் போயின. மலையைச் சுரண்டச் சுரண்ட அணைக்குள் மண் சேர்கிறது. மண் சேர்ந்த அணை சீக்கிரம் நிரம்பும். இதுதான் அடிப்படை நோய்.

நோய் தீரும்வரை என்ன செய்வது? ஆறு ஏறுவதை முன்கூட்டியே அறிய வேண்டும். பாலத்தின் அடியில் ஒரு சின்னக் கருவி. விலை சில வெள்ளிதான். அது காதுக்குக் கேட்காத ஒலியை நீர்மேல் அனுப்பும். ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப வினாடியில் ஆயிரத்தில் 6 பங்கு நேரம். நேரம் குறைந்தால் ஆறு ஏறுகிறது!

இதிலும் நுணுக்கம் உண்டு. நம் மலையில் விடியலில் 15 பாகை, பகலில் 25 பாகை. குளிரில் ஒலி மெதுவாகப் போகும். 3 மீட்டரில் 5 சென்டிமீட்டர் பிசகும். ஆகவே வெப்பமானியும் கூடவே வேண்டும். ஓர் அளவு அலையின் முகட்டைப் பிடிக்கும், அடுத்தது பள்ளத்தைப் பிடிக்கும். நிமிடத்துக்குப் பல அளவு எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

2010-இல் வந்த கினெக்ட் விளையாட்டுக் கேமராவைக் கொண்டே அலைகளை அளந்தார்கள் ஆய்வாளர்கள். தெளிந்த நீரில் அதன் கதிர் உள்ளே போய்விடும். அதனால் தண்ணீரில் வெள்ளைச் சாயம் கலந்தார்கள். நம் ஆற்றுக்குச் சாயமே வேண்டாம், சேறு போதும்! சிரிக்கிறீர்கள். அது சிரிக்கும் விஷயமில்லை, ஐயா.

இந்தக் கருவி அணையின் அபாயச் சங்குக்கு மாற்று அல்ல, துணை. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கருவியைப் பொருத்தட்டும், தினமும் அளவைக் குறிக்கட்டும். தன் பிள்ளை எழுதிய எண்ணைத் தோட்டத்து மக்கள் நம்புவார்கள். நம்பினால்தான் நள்ளிரவில் எழுந்து மேட்டுக்கு ஓடுவார்கள்.