பிள்ளையின் அடிமட்டமும் எனது கார்ச் சீற்றும்



எங்கள் வீடுகளில் பகிடியாக மட்டுமே கதைக்கப்படுகிற ஒரு விடயத்தை இன்று கொஞ்சம் பொறுப்பாகக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். கட்டையான ஆட்கள் கார் ஓடுவது பற்றியது அது. நான் நாலடி பத்து அங்குலம். ரொறொன்ரோவில் கார் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, "அம்மா ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டெல்லோ ஓடுறா" என்பது எங்கள் வீட்டுப் பகிடி. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

2019 மாரியில் ஒருநாள் காலை, என் தாயாரை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, ஐஸில் சறுக்கி முன்னால் நின்ற காரில் இடித்துவிட்டேன். பெரிய இடி இல்லை. தாயாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் நெஞ்சு ஸ்ரியறிங்கில் அடிபட்டு, இரண்டு கிழமை மூச்செடுக்கவே நொந்தது. சீற் பெல்ற் கழுத்தை அறுக்கிறது என்று, அதைக் கக்கத்துக்குக் கீழாலே விட்டிருந்தேன். அதனால் மேலுடம்பைப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. காற்றுப்பை விரியவில்லை. காரைத் திருத்திய தம்பி சொன்னார்: "நீங்கள் இருக்கிற இருப்புக்கு அது விரிஞ்சிருந்தால் இன்னும் மோசம், அக்கா."

அவர் சொன்னது உண்மை. காற்றுப்பை ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிகிறது. விரியத் தொடங்கும் முதல் 5 முதல் 8 சென்ரிமீற்றருக்குள்தான் அதன் வேகம் மிக ஆபத்தானது. அதனால்தான் நெஞ்செலும்புக்கும் ஸ்ரியறிங்கின் நடுவுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும் என்கிறார்கள். ஒரு சாண் போதுமே என்று நினைக்கவேண்டாம். சாண் ஒன்பது அங்குலம் என்பார்கள். என் கைச்சாண் ஏழுதான். மகன் தன் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து பார்த்தபோது 14 சென்ரிமீற்றர் இருந்தது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

இனிமேல் ஓடுவதில்லை என்று திறப்பைக் கொழுவிவிட்டேன். தாயார் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான், சரியாக இருக்கும் முறையைப் படித்தேன். நீங்களும் கார் நிற்கும்போது ஒருமுறை செய்து பாருங்கள்.

தடித்த குளிர்க்கோட்டைக் கழற்றுங்கள். கார் ஓடும்போது போடுகிற சப்பாத்தைப் போடுங்கள். இடுப்புப் பின்னுக்கு முட்ட இருந்துகொண்டு, முதலில் சீற்றை உயர்த்துங்கள். ஸ்ரியறிங்குக்கு மேலால் வீதி தெரியவேண்டும். வீதி தெரியவில்லை என்றுதான் நாங்கள் முன்னுக்கு நகர்கிறோம். உண்மையில் தேவைப்படுவது உயரம். அடுத்தது, பிறேக்கை முழுதாக அமத்தியபோதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கிற அளவுக்குச் சீற்றைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதுகுப்பக்கத்தைச் சற்றுச் சாய்த்தால் இன்னும் சில சென்ரிமீற்றர் கிடைக்கும். ஸ்ரியறிங்குக்குக் கீழே உள்ள பிடியைத் தளர்த்தி, அதன் நடு உங்கள் முகத்தைப் பாராமல் நெஞ்சைப் பார்க்கும்படி இறக்குங்கள். உள்ளே தள்ளக்கூடியதென்றால் தள்ளுங்கள். இப்போது அடிமட்டத்தை வையுங்கள்.

சீற் பெல்ற் தோளின் நடுவாலே போகவேண்டும். பக்கத்துத் தூணில் அதை ஏற்றி இறக்கும் பிடி பல கார்களில் இருக்கிறது. அதைக் கீழே இறக்கினால் கழுத்தை அறுக்காது. கீழ்ப்பட்டி வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படியவேண்டும். வீட்டுத் தலையணையைப் போட்டு இருக்காதீர்கள்; அது வழுக்கும், பெல்ற்றும் இடம் மாறும். கால் எட்டவே எட்டாவிட்டால், மிதிகளை நீட்டிக்கும் கருவிகள் உண்டு. அவற்றைத் தெரிந்தவரைக் கொண்டுதான் பூட்டவேண்டும். பலகைத் துண்டைக் கட்டுகிற வேலை வேண்டாம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கார்களை மோதிப் பரிசோதிக்க நெடுங்காலம் முதன்மையாகப் பாவித்தது 175 சென்ரிமீற்றர் உயரமான ஆண் பொம்மையை. பிறகு வந்த சிறிய பெண் பொம்மையும் பெரும்பாலும் அந்த ஆணைச் சுருக்கிச் செய்ததுதான். சராசரிப் பெண்ணின் உடலமைப்போடு 162 சென்ரிமீற்றரில் ஒரு பொம்மையை, பின்னாலிருந்து மோதும் விபத்துகளை ஆராய்வதற்கென்று, சுவீடனில் அஸ்ரிட் லின்டர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2022இல்தான் காட்டியது. ஆகவே குறை எங்கள் உயரத்தில் இல்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் வீடுகளில் கார் வாங்கப் போகிறவர் ஒருவர், அதை நாளாந்தம் ஓடுகிறவர் வேறொருவர். கையெழுத்து வைக்கமுதல், ஓடுகிறவரை ஏற்றி இருத்திப் பாருங்கள். நாங்கள் அடுத்த கார் வாங்கப் போனபோது, நான் கைப்பையில் அடிமட்டத்தையும் கொண்டு போனேன். விற்பனையாளர் ஒருமாதிரிப் பார்த்தார். மூன்றாவது காரில் 27 சென்ரிமீற்றர் கிடைத்தது. அதில்தான் இன்றைக்கும் தாயாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.