குடும்பமாக விளையாடுவோம் வாருங்கள்
(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சித்திரை வருடப்பிறப்புக்குத் தோட்டங்களில் விளையாட்டுப் போட்டி வைப்பது வழக்கம். ஆனால் நடப்பது என்ன? வாலிபர்கள் கிரிக்கெட் அடிப்பார்கள். மற்ற ஆண்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். அம்மாமாருக்கு அதுவும் இல்லை, அடுப்படிதான். கேட்டால், "எங்களுக்கு என்னாத்துக்குங்க ஐயா விளையாட்டு? நாங்கதான் தெனமும் மலையில ஏறி எறங்குறோமே" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மலையில் முதுகில் பாரம், ஒரே மாதிரிக் கைவேலை, கிலோ கணக்கு. அங்கே வாய்விட்டுச் சிரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆகவே இம்முறை பெரியவர் சிறியவர் எல்லோரும் சேரக்கூடிய விளையாட்டுகளை எடுப்போம் என்று நாங்கள் சொல்கிறோம்.

முதலாவது கிளித்தட்டு. செலவே இல்லை. பிரட்டுக்களத்தில் சாம்பலைத் தூவிக் கோடு போட்டால் போதும். நீளவாக்கில் நடுவே ஒரு கோடு, அதை வெட்டிக்கொண்டு ஐந்தாறு குறுக்குக் கோடுகள். மறிக்கிற கட்சியில் ஆளுக்கொரு குறுக்குக் கோடு. அதை விட்டு விலகக் கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். மற்றக் கட்சி அடிபடாமல் கடைசி வரை போய்த் திரும்பி வர வேண்டும். இடத்துக்கு இடம் சட்டம் கொஞ்சம் மாறும். தொடங்கும் முன்னரே பேசி முடித்துவிடுங்கள், பிறகு சண்டை வேண்டாம். இதில் பலத்தை விட ஏமாற்றத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர். பத்து வயதுப் பிள்ளை அப்பாவை ஏய்த்துவிட்டு ஓடும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கயிறு இழுத்தலை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த போட்டி அது. ஆனால் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள், விரல் நசுங்கிப்போகும். நைலோன் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டை மாதிரித் திருப்பி அடிக்கும், அதனால் தடித்த தும்புக் கயிறுதான் நல்லது. சரிவில் மேலும் கீழுமாக நின்று இழுக்க வேண்டாம்.

பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கபடி ஆகாது என்று சிலர் முணுமுணுப்பது எங்கள் காதிலும் விழுகிறது. ஆசிய விளையாட்டு விழாவில் ஆண்கள் கபடி 1990இல் சேர்ந்தது, பெண்கள் கபடி 2010இல் சேர்ந்தது. பிறகென்ன?

எல்லே விளையாட மூங்கில் தடியும் டெனிஸ் பந்தும் இருந்தால் சரி. அடிக்கிறவரின் பின்னால் சிறுபிள்ளைகளை நிற்க விடாதீர்கள். ஓட முடியாத தாத்தா பாட்டிமாருக்கு யானைக்குக் கண் வைத்தல், முட்டி உடைத்தல் இருக்கின்றன. தேசிக்காய் கரண்டி ஓட்டத்தைக் கர்ப்பிணித் தாய்மார் ஓடாமல், நடுவராக இருந்து பார்க்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். ஏப்ரலில் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும். ஆகவே காலையிலேயே தொடங்கி மதியத்தோடு முடியுங்கள். இடிச் சத்தம் கேட்டதுமே ஆட்டத்தை நிறுத்தி வீட்டுக்குள் போய்விட வேண்டும்; மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. முதல் நாளே சுற்றிலுமுள்ள மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கல்லெறிந்து கலைக்கப் போகாதீர்கள். பக்கத்து மலையில் மருந்து அடித்திருந்தால் அங்கே விழுந்த பந்தை எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

பரிசாகப் போத்தல் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரு கொப்பிக்கட்டு கொடுத்தால் அது வீட்டுக்கு வந்து சேரும்.

தகப்பன்மாரிடம் ஒரு வேண்டுகோள். அன்று பீலியில் தண்ணீர் பிடிப்பதும் சோறாக்குவதும் உங்கள் பொறுப்பு. பருப்பும் சோறும் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அம்மாமார் காலை எட்டு மணிக்கே களத்துக்கு வந்தால்தான் கட்சி பிரிக்க முடியும். ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் பெயர்களை எழுதி, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பிள்ளைக்காம்பராவில் கொடுத்துவிடுங்கள். பெண்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.