கேட்காமல் விட்ட கேள்வி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

பெயர் நாசிர் அப்பாஸ். சிங்கப்பூரில் பிறந்து மலேசியாவில் வளர்ந்தவர். 1987-ல், பதினெட்டு வயசில், சோவியத் படையை எதிர்த்துப் போராட ஆப்கானிஸ்தான் எல்லைக்குப் போனார். ஆயுதப் பயிற்சி பெற்றார். பிறகு தானே பயிற்சி கொடுப்பவர் ஆனார். ஜெமா இஸ்லாமியா என்ற ரகசிய இயக்கத்தில் ஒரு வட்டாரத்துக்கே தலைவராக உயர்ந்தார்.

1998-ல் பின் லேடன் ஓர் அறிக்கை விட்டார். அமெரிக்கர் என்றால் ராணுவத்தார், பொதுமக்கள் என்று பார்க்காமல் கொல்லலாம் என்றது அது. நாசிர் கைக்கும் வந்தது. அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஆயுதத்தோடு எதிரே நிற்பவனிடம் சண்டை போடலாம். தெருவில் நடந்து போகிறவனைக் கொல்ல மார்க்கத்தில் இடமில்லை என்பது அவர் எண்ணம். அதைத் தன் ஆட்களுக்குச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். ஆனால் இயக்கத்தை விட்டு வெளியே வரவில்லை.

2002 அக்டோபர் 12. பாலித் தீவின் கூட்டாவில் இரவு விடுதிகளில் குண்டு வெடித்து 202 பேர் மாண்டார்கள். அதைச் செய்தவர்களில் இவரிடம் பயிற்சி பெற்றவர்களும் உண்டு. முன்னின்றவர்களில் ஒருவர் இவருடைய சகோதரியின் கணவர்!

2003 ஏப்ரலில் இந்தோனேசியப் போலீஸ் நாசிரைப் பிடித்தது. சித்திரவதை நிச்சயம் என்று நினைத்திருந்தார். அதிகாரிகளோ மரியாதையாக நடத்தினார்கள். எதிரி என்று சொல்லிக்கொடுத்ததே தப்போ என்ற எண்ணம் வந்தது. நான் கற்றுக்கொடுத்த வித்தைதானே அத்தனை பேரைக் கொன்றது என்ற உறுத்தலும் சேர்ந்தது. வாயைத் திறந்தார். 2005-ல் இயக்கத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

மதத்தை விட்டாரா? இல்லை. அதே வேதத்தை வைத்துக்கொண்டுதான் சிறை சிறையாகப் போய்ப் பழைய தோழர்களிடம் வாதாடினார். சிலர் கேட்டார்கள், சிலர் துரோகி என்றார்கள். சகோதரியின் கணவர் கடைசிவரை மாறவில்லை. 2008 நவம்பரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

இப்போது என் கதை. இரண்டாம் வருஷம், ஊரில் கலவரம் என்று ஒரு புரளி. "அவங்க ஆளுங்கதான் காரணம்" என்று நம் ஹாஸ்டலில் ஒரு நண்பனின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வராந்தாவில் வீசினார்கள். அன்று முழுக்க அவன் என்னோடு லைப்ரரியில் இருந்தவன். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் ஒதுக்கிவிடுவார்களே என்ற பயம். அடுத்த மாசம் அவன் வெளியே ரூம் எடுத்துப் போய்விட்டான்.

வெடிகுண்டையும் டிரங்குப் பெட்டியையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் மனசுக்குள் வந்த கேள்வியை விழுங்கியதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜாதிதான்.

அந்த நண்பன் இன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், இத்தனை வருஷம் கழிச்சுக் கேட்கிறேன், மன்னிச்சுக்கோ.

நம் பிள்ளைகளாவது "இது சரியாப்பா?" என்று நம்மிடமே கேட்கட்டும். கேட்டால் அதட்டாமல் இருப்போம்.