இடது முன்கையில் ஒரு தழும்பு

இங்கே ஆக்லாந்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு இது காலை, சிலருக்கு மதியம். கனடாவில் தூக்கத்தை விட்டு வந்திருப்பவர்களுக்குத் தனி நன்றி.

நான் ஆய்வாளர் இல்லை. பாளையங்கோட்டையில் நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். அவ்வப்போது கதை எழுதுவேன். இன்று நான் சொல்லப்போவது கதையல்ல. சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு, பெயர்களை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

நான் குடியிருக்கும் பாப்பட்டோயிட்டோயில் ஃபிஜியிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. எதிர்வீட்டுப் பாட்டிக்கு 84 வயது. அவர் பேசுவது ஃபிஜி இந்தி. என்னை "பேட்டி" என்று கூப்பிடுவார். மகள் என்று பொருள். யாரோ என்னைப் பேட்டி எடுக்கப்போகிறார்கள் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். தன் அம்மாவின் அம்மாவை மட்டும் அவர் "ஆயா" என்றே சொல்வார். அவரிடம் மிச்சமிருக்கும் தமிழ் அந்த மாதிரி சில சொற்கள்தான்.

கரும்புத் தோட்டங்களுக்காக 1879 முதல் 1916 வரை ஃபிஜிக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் 60,000 பேருக்கு மேல். 1903இலிருந்து சென்னை வழியாகப் போனவர்கள் சுமார் 15,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்பது வாயில் தேய்ந்து 'கிர்மிட்' ஆனது. பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடியது அங்கே போன பெண்களைப் பற்றித்தான்.

கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் உண்டு. எமிக்ரேஷன் பாஸ் என்பார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர், மணமானவர் என்றால் யாரை மணந்தவர், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். பார்த்தவுடன் எங்கள் அட்மிஷன் ஃபாரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இந்தத் தாள் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, 1635இல், வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனெஃபி என்பவர் 24 ஆட்களைக் கொண்டுவந்ததற்காக 1,200 ஏக்கர் நிலம் பெற்றார். தலைக்கு 50 ஏக்கர். அந்த 24 பேரில் ஒருவன் 'டோனி, கிழக்கிந்தியன்'. ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. பிருந்தா சாரி 2023இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலில் அவனைச் சோழமண்டலக் கரையில் பிறந்தவனாகக் கற்பனை செய்தார். கற்பனைதான் செய்ய முடியும். ஃபிஜிக்காரர்களுக்கோ சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தாலுகா வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாட்டியின் மகன் அங்கிருந்து இரண்டு பாஸ்களின் நகலை வாங்கிவந்தார். இரண்டிலும் ஆயாவின் பெயர். நம் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். முதல் தாளில் கணவன் பெயர் இருந்தது, தாத்தாவின் பெயருக்குக் கிட்டத்தட்ட வரும். செங்கல்பட்டு ஜில்லா, வலது கன்னத்தில் மச்சம். இரண்டாவது, வட ஆர்க்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா. வயது 20, உயரம் 4 அடி 10 அங்குலம், இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. கணவன் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலி.

தாத்தாவும் ஆயாவும் புருஷன் பெண்டாட்டியாக ஒரே கப்பலில் வந்தார்கள் என்பது அந்த வீட்டுக் கதை. மகன் முதல் தாளையே பிடித்துக்கொண்டார். ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போகத் திட்டம் போட்டிருந்தார்.

"அம்மாவிடம் தழும்பு பற்றிக் கேட்டுப் பார்ப்போமா?" என்றேன்.

"வேண்டாம் சிஸ்டர். இந்த வயசில் அவங்க மனசு உடையக் கூடாது."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. தனியாக வந்த பெண்களைப் பற்றி அன்றைய அதிகாரிகள் கேவலமாக எழுதினார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று கணக்கு வைத்து ஏற்றிவிட்டு, லயன்களில் நடந்த கொலைக்கும் தற்கொலைக்கும் அந்தப் பெண்களின் ஒழுக்கத்தைக் காரணம் காட்டினார்கள். அந்தச் சொல் பேரப்பிள்ளைகள் வரை வந்து சுடுகிறது.

ஆனால் ஒரு வியாதிக்காரர் தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்வது சரியில்லை என்று வார்டில் படித்தவள் நான். "அவங்களுக்குத் தெரிய வேண்டுமா என்று மட்டும் கேட்போம்" என்றேன். ஒரு வாரம் கழித்துச் சம்மதித்தார்.

"பாட்டி, ஆயாவைப் பற்றி இரண்டு தாள் வந்திருக்கிறது. ஒன்றில் உங்கள் வீட்டுக் கதைக்குப் பொருந்தாத விஷயம் இருக்கிறது. சொல்லட்டுமா?"

"சொல்லு பேட்டி."

"ஆயா உடம்பில் ஏதாவது அடையாளம் ஞாபகம் இருக்கிறதா?"

அவர் பதில் சொல்லவில்லை. தன் இடது முன்கையை வலது கையால் தடவினார். மணிக்கட்டுக்கு மேலே, நாலு விரல் அகலத்துக்கு. ஆயா இறந்தபோது அவருக்குப் பத்து வயது. அதுவரை ஆயாவின் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாராம்.

பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "ஒரே கப்பல் கதை என் அம்மா கட்டினது. நாலு பேர் வாய்க்குப் பயந்து. எனக்குத் தெரியும். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் நான் சொல்லவில்லை."

அம்மாவும் மகனும் இத்தனை வருடம் ஒருவரையொருவர் அதே விஷயத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று இரவு மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். வெறும் பெயர்ப் பட்டியல் என்று சின்ன வயதில் தாண்டிப்போன பகுதி. இயேசுவின் வம்சத்தில் தாமார், ராகாப், ரூத் மூவர் பெயரும் இருக்கின்றன. ஊர் வாய்க்குப் பயந்தால் எழுதியிருக்க முடியாத பெயர்கள். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரியில் அவர்கள் குடியாத்தம் போகிறார்கள். குமாஸ்தா எழுதிய ஊர்ப் பெயர் எந்த ஊர் என்று இன்னும் பிடிபடவில்லை. நெருங்கிய உறவினர் கட்டத்தில் ஓர் அண்ணன் பெயர் இருக்கிறது. அதை வைத்து விசாரிப்பார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முன்னோர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெயர் குமாஸ்தா கையில் மாறிவிடும், பிள்ளைகள் வாயில் கதை மாறிவிடும். அவர்கள் எப்படி நடந்தார்கள், எந்தக் கையில் தழும்பு இருந்தது என்று கேளுங்கள். தொட்டுப் பார்த்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.