எந்தப் பசை, எத்தனை தடவை: ரிலாக்சரும் மார்பகப் புற்றுநோயும்

எந்த அம்மையாரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவரை நான் நேரில் அறிந்ததில்லை. மார்பகப் புற்றுநோயோடு போராடிய நாள்களிலும் தம் சேமிப்பை ஆய்வுக்கென எழுதிவைத்தவர் அவர். அவருக்கு என் அஞ்சலி.

பொருள் உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றே குறைவு. ஆனால் அந்த நோயால் இறப்பது ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். தாமதமான சிகிச்சை, காப்பீடு இல்லாமை, கடுமையான வகைக் கட்டிகள் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. நோய் வருவதில் தலைமுடிப் பொருள்களுக்கும் பங்கு உண்டா என்பதில்தான் எனக்கும் துறை நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் வழக்கு. "2007-லேயே பாஸ்டன் ஆய்வுக்குழுவினர் பார்த்துவிட்டார்கள், தொடர்பில்லை, கோப்பை மூடு" என்பது அவர்கள் கட்சி. மூடக்கூடாது என்பது என் கட்சி.

சனிக்கிழமைச் சமையலறை

சிகாகோவில் நான் ஆய்வு செய்தபோது தங்கியிருந்த வீட்டில் சனிக்கிழமை மாலை சமையலறையே அழகு நிலையமாகிவிடும். வீட்டுக்காரம்மா தம் 8 வயதுப் பேத்தியை அடுப்பருகே நாற்காலியில் உட்காரவைப்பார். முந்தின நாளே எச்சரிக்கை: தலையைச் சொறியாதே. நகம் பட்ட இடத்தில் பசை பட்டால் தீயாய் எரியும். நெற்றியோரம், காதுமடல், பிடரி எங்கும் வாஸ்லின். சீப்பின் வாலால் வகிடு வகிடாகப் பிரித்து, கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளைப் பசையை வேர்வரை தடவுவார். "எரியுதா?" என்பார். "இல்லை, பாட்டி." எரிந்தாலும் குழந்தை இல்லை என்றுதான் சொல்லும். சீக்கிரம் கழுவிவிட்டால் சுருள் அப்படியே நிற்கும் என்று அதற்குத் தெரியும். கழுவிய பிறகு பார்த்தால் நெற்றியோரத்தில் காசளவு புண், மறுநாள் அதன்மேல் பொருக்கு. ஞாயிறு தேவாலயத்தில் முடி வழவழவென்று தோளில் விழும், எல்லோரும் மெச்சுவார்கள். ஆறு, எட்டு வாரத்தில் வேர்ப்பக்கம் புதுச் சுருள் எழும்பும். மறுபடி அதே நாற்காலி.

அந்தப் பசைதான் ரிலாக்சர். அதில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு. அடைத்துக்கொண்ட குழாயில் நாம் போடும் காஸ்டிக் சோடாவேதான், அளவு மட்டும் குறைவு; ஆங்கிலத்தில் 'லை' என்பார்கள். முடியின் கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கிறது, சுருள் நிமிர்கிறது. பின்னாளில் 'லை இல்லாத' ரிலாக்சர் வந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடையும் குவானிடின் கார்பனேட்டையும் கலந்து தடவுவார்கள். எரிச்சல் குறைவு என்றே அது விற்றது. இரண்டும் ஒரே பெயரில் புழங்கினாலும் ஒரே பொருள் அல்ல. ஆண்டுக்கு 7 தடவை, 15 ஆண்டு என்று கணக்கிடுங்கள்: 105 தடவை. திருமணத்துக்காக ஒரே ஒருமுறை தடவிக்கொண்ட பெண்ணும், 105 தடவை தடவிக்கொண்ட பெண்ணும் நம் கேள்வித்தாளில் ஒரே 'ஆம்' கட்டத்தில் விழுகிறார்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. 1995-இல் ஏறத்தாழ 59,000 கறுப்பினப் பெண்களோடு தொடங்கிய அவர்களது ஆய்வு, எத்தனை ஆண்டு, எத்தனை தடவை என்று பொறுமையாகக் கேட்டது. 2007-இல் அவர்கள் கையில் இருந்தது சில ஆண்டுகளின் கணக்கு மட்டுமே. தொடர்பு தென்படவில்லை என்றார்கள், நேர்மையாக. என் நண்பர்கள் அந்த ஒரு வரியோடு நின்றார்கள், ஆய்வு நிற்கவில்லை. 2021-இல் அதே குழு, அதே பெண்களின் நீண்ட கணக்கைக் கட்டியின் வகை பிரித்துப் பார்த்தது. ஒட்டுமொத்தத்தில் அப்போதும் தெளிவான தொடர்பில்லை. ஆனால் லை கலந்த ரிலாக்சரை ஆண்டுக்கு 7 தடவையாவது, 15 ஆண்டுக்குக் குறையாமல் பயன்படுத்தியவர்களிடம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகமாகத் தெரிந்தன. புள்ளியியல் வரம்பை அந்த எண் முழுதாகத் தாண்டவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிரூபணம் என்று நான் கூறவில்லை. கோப்பை மூடச் சொன்ன ஆய்வே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்கிறேன்.

பிற சான்றுகள்

2019-இல் வெளியான சகோதரிகள் ஆய்வு 46,709 பெண்களைப் பற்றியது. எல்லோரும் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்ணின் உடன்பிறந்தவர்கள். நிரந்தரச் சாயம் பயன்படுத்திய கறுப்பினப் பெண்களிடம் ஆபத்து 45 விழுக்காடு கூடுதல், வெள்ளையினப் பெண்களிடம் 7. அதே ஆய்வின் 2022 முடிவு கருப்பைப் புற்றுநோய் பற்றியது: முடி நிமிர்த்தும் பொருளைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05. 2018-இல் சைலண்ட் ஸ்பிரிங் ஆய்வு நிறுவனம் கறுப்பினப் பெண்கள் வாங்கும் 18 தலைமுடிப் பொருள்களைச் சோதித்தது. ஹார்மோனைக் குலைக்கும் வகையைச் சேர்ந்தவை உட்பட 45 வேதிப்பொருள்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை லேபிளில் இல்லை.

'வீண் அலங்காரம், விட்டுவிடலாமே' என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. 1981-இல் பின்னல் போட்டு வேலைக்கு வந்த விமான நிறுவன ஊழியர், அதற்கான தடையை எதிர்த்து நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றார். இயல்பான முடிக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த முதல் மாநிலம் கலிஃபோர்னியா, அதுவும் 2019-இல்தான். சுருளோடு போனால் வேலை போகும் என்ற நிலையில் அந்தப் பாட்டி செய்தது பேத்தியைக் காக்கும் செயல்.

இனி

நேரமாகிவிட்டது. செயற்கைப் பின்னல் முடி பற்றித் தனி ஆய்வு வேண்டும். பருவமடைவதற்கு முன் ரிலாக்சரைத் தொடங்கியவர்களைத் தனியே பார்க்க வேண்டும். தலைப்புண் வழியாக என்ன உள்ளே போகிறது என்பதை வேதியியல் துறையினர் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கக் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்யப்போகும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேள்வித்தாள் அச்சுக்குப் போகும்முன் அந்த 'ஆம், இல்லை' கட்டத்தை எடுத்துவிடுங்கள். எந்தப் பசை, எந்த வயதில், ஆண்டுக்கு எத்தனை தடவை, எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். எரிந்ததா என்றும் கேளுங்கள்.